ஐ.டி. ஃபேனுக்கு ப்ளம்மர் பிளாக்: கடலூர் அரிசி ஆலையில் இரண்டு ஹவுசிங்குகளைப் பயன்படுத்திப் பார்த்ததில்

கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் வழியில், நெல்லிக்குப்பத்தை அடுத்துள்ள ஒரு புழுங்கலரிசி ஆலையில் நான் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். உமியை எரித்து நீராவி எடுக்கும் கொதிகலன் எங்களிடம் உண்டு. அதன் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் ஐ.டி. ஃபேனில் பதினான்கு மாதங்களுக்குள் மூன்று முறை பேரிங் மாற்ற வேண்டி வந்தது. மூன்று முறையும் நல்ல நிறுவனத்தின் அசல் பேரிங்தான் போட்டோம். கிரீஸை மாற்றிப் பார்த்தோம். பெல்ட்டின் இறுக்கத்தையும் சரிபார்த்தோம். பேரிங்கைத் தாங்கி நிற்கும் ஹவுசிங்கை, அதாவது ப்ளம்மர் பிளாக்கை, மட்டும் எங்களில் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. வார்ப்பிரும்புத் துண்டுதானே, அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்றே நினைத்திருந்தோம். அந்த ஹவுசிங்கைக் கழற்றி அளந்து, வேறொன்றை வாங்கிப் பொருத்தி, இரண்டு ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். ஃபேன், கன்வேயர், எலிவேட்டர் வைத்திருக்கும் சிறு ஆலைக்காரர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபேன் ஷாஃப்ட்டின் விட்டம் 60 மி.மீ.; நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,100 சுற்று. அதில் அடாப்டர் ஸ்லீவுடன் (ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே புகும் கூம்புக் குழல்) ஏறும் 22213 கே என்ற ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங் இரண்டு. இதற்குரிய ஹவுசிங் எஸ்.என். 513. எண்ணைச் சொல்லும் இந்த இடத்திலேயே பலர் தவறிவிடுகிறார்கள். ஷாஃப்ட் 60 மி.மீ. என்று மட்டும் கடையில் சொன்னால், 12 என்று முடியும் எண்ணை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பேரிங்கின் உள்விட்டம் 65 மி.மீ.; ஸ்லீவ் உள்ளே புகுந்த பிறகுதான் அது 60 மி.மீ. ஷாஃப்ட்டுக்குப் பொருந்தும். ஆகவே 13 என்று முடியும் ஹவுசிங்கும், எச். 313 ஸ்லீவும்தான் சரி. 512 ஹவுசிங்கின் உட்குழி 110 மி.மீ., 513-இன் உட்குழி 120 மி.மீ. எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் எஸ்.என்.எல். வரிசையில் இதே அளவு 513-611 என்று இரட்டை எண்ணாக அச்சிடப்பட்டிருக்கும். 22213-க்கும், அதே வெளிவிட்டமுள்ள 22311-க்கும் அந்த ஒரே ஹவுசிங் பொருந்தும் என்பது அதன் பொருள். எஃப்.ஏ.ஜி. நிறுவனத்தின் எஸ்.என்.வி. வரிசையிலோ எண் பேரிங்கின் வெளிவிட்டத்தையே குறிக்கும், எஸ்.என்.வி. 120 என்று கேட்டால்தான் நமக்குரியது கிடைக்கும்.

எங்கள் பழைய ஹவுசிங் இணை, ஃபேனை நிறுவிய காலத்தில் பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் வாங்கியது. பெயர் பொறித்த முத்திரை அதில் ஏதும் இல்லை; எண் மட்டும் வார்ப்பில் மேடாகத் தெரியும். அன்று நான் விலை வேறுபாட்டைப் பற்றிக் கேட்டபோது, "நம்பர் ஒண்ணுதானே சார், எந்தக் கம்பெனி போட்டா என்ன?" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பாதி உண்மை. அடிப்பாகத்திலிருந்து ஷாஃப்ட் மையம் வரை 80 மி.மீ. உயரம், அடி போல்ட்டுகளுக்கு இடையே 230 மி.மீ. தூரம் என்ற வெளி அளவுகள் எந்த நிறுவனத்துக்கும் ஒன்றுதான். இருந்த சட்டத்தில், இருந்த துளையில் எதையும் உட்கார வைத்துவிடலாம். உட்குழி எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டது, மூடியும் அடியும் எப்படிச் சேர்கின்றன, சீல் எந்த வகை, வார்ப்பு எந்தத் தரம் என்ற நான்கும் அந்த எண்ணுக்குள் அடங்குவதில்லை. பேரிங் சாவதும் பிழைப்பதும் இந்த நான்கில்தான்.

மூன்றாவது பேரிங்கும் கத்தத் தொடங்கியபோது, எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஹவுசிங்கைத் துடைத்து எடுத்துவந்து, ஒரு வெள்ளை வேட்டித் துணியால் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் காட்டினார். துணியில் கருமையாகப் பொடி ஒட்டியிருந்தது; விரலிடையே வைத்து உருட்டினால் நறநறவென்றது. அது உமிச் சாம்பல் மட்டும் அல்ல, வார்ப்பு மணல். பட்டறையில் வார்த்தபின் உட்சுவரைச் சரியாகச் சுத்தம் செய்யாமல், சாயமும் பூசாமல் விற்றிருக்கிறார்கள். கிரீஸ் சூடாகி இளகும்போதெல்லாம் சுவரிலிருந்து மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று ரோலருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கிரீஸ் நிப்பிளுக்காகத் துளையிட்ட இடத்தில் உட்பக்கம் பிசிறு அப்படியே நின்றது. நல்ல ஹவுசிங்கின் உட்சுவரில் சாயப் பூச்சு வழுவழுப்பாக இருக்கும். விரலை விட்டுத் தடவினாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

அடுத்து லேத் பட்டறைக்கு எடுத்துச்சென்று, மூடியை அடியோடு சேர்த்து போல்ட்டை முறையாக முறுக்கி, போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து அளந்தோம். 120 மி.மீ. உட்குழிக்கு எச்.7 பொருத்தம் (உட்குழி எவ்வளவு கூடலாம் என்று வகுத்த எல்லை) என்றால் 120.000 முதல் 120.035 வரை இருக்கலாம். ஜி.7 என்றால் 120.012 முதல் 120.047 வரை. எங்கள் பழைய ஹவுசிங் ஒன்றில் கிடைமட்டமாக 120.02 இருந்தது, செங்குத்தாக 120.09. அதாவது உட்குழி வட்டமாகவே இல்லை, முட்டை வடிவில் இருந்தது. மேலும் கீழும் தளர்ந்து, பக்கவாட்டில் மட்டும் கவ்வும் ஹவுசிங்கில் பேரிங்கின் வெளிவளையம் மெல்ல நகர்ந்து, சுற்றி, இருக்கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கீழ்ப் பாதியில் பழுப்பு நிறத்தில் அரித்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவது ஹவுசிங்கில் தவறு எங்களுடையது. இரண்டு பாதியாக வரும் பிளவு ஹவுசிங்கின் மூடியையும் அடியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துத்தான் உட்குழியைக் கடைவார்கள். ஆகவே ஒன்றின் மூடி மற்றொன்றுக்கு ஆகாது, அதே நிறுவனம், அதே எண் என்றாலும் ஆகாது. இரண்டாம் முறை பேரிங் மாற்றிய இரவில், இரண்டு மூடிகளும் ஒரே தட்டில் கிடந்திருக்கின்றன. யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள். அண்ணன் சேர்ப்பு விளிம்பில் நகத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மூடி மாறியிருக்கு, படி தட்டுது பாருங்க" என்றார். நகத்துக்குப் படியாகத் தெரிவது பேரிங்குக்குப் பெரிய மேடு. அன்றிலிருந்து எங்கள் ஆலையில் எந்த ஹவுசிங் வந்தாலும், அட்டைப்பெட்டியைப் பிரித்த கையோடு மூடியிலும் அடியிலும் ஒரே பஞ்ச் குறியை அடித்துவிடுகிறோம்.

இனி ஃபேனின் சுமையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹவுசிங் தேர்வில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இதுதான். எங்கள் ஃபேனில் இறக்கைச் சக்கரம் இரண்டு பேரிங்குக்கும் வெளியே, ஷாஃப்ட்டின் ஒரு முனையில் தொங்குகிறது. கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் போதும்: ஒரு முனையில் பாரம் அழுத்தினால் மறு முனை மேலே எழும். சக்கரத்துக்கு அருகில் உள்ள பேரிங் ஏற்றக்கால்போலக் கீழ்நோக்கிய பாரத்தைச் சுமக்கிறது. புல்லிப் பக்கத்துப் பேரிங்கையோ அதே எடை மேலே தூக்கப் பார்க்கிறது. அதோடு மோட்டார் பக்கவாட்டில் இருப்பதால் பெல்ட் கிடைமட்டமாக இழுக்கிறது. வார்ப்பிரும்பு ஹவுசிங், சுமை அடிப்பாகத்தை நோக்கி நேர்கீழாக வரும்போதுதான் முழு வலிமையோடு நிற்கும். மேல்நோக்கி வரும் சுமையை மூடியும் மூடி போல்ட்டுகளும் சுமக்க வேண்டும். பக்கவாட்டுச் சுமை மூடியும் அடியும் சேரும் கோட்டிலேயே வந்து விழும். அதைத் தடுப்பது அடி போல்ட்டின் இறுக்கத்தால் உண்டாகும் உராய்வு மட்டுமே. அதனால் சுமை கிடைமட்டமாக வரும் இயந்திரங்களில், இழுப்புத் திசையில் ஹவுசிங்கின் காலுக்கு முட்டுக்கொடுத்து ஒரு தடுப்புக்கட்டையைச் சட்டத்தில் வெல்டிங் செய்யவோ, ஊசி அடித்து நிறுத்தவோ வேண்டும். எங்கள் ஃபேனில் அது இல்லை. புதியதைப் பொருத்தும்போது வைத்தோம். பெல்ட்டை இறுக்கிய பிறகு அலைன்மென்ட் விலகும் தொல்லை அதோடு தீர்ந்தது.

வார்ப்பின் தரம் குறித்தும் கேட்டு வாங்க வேண்டும். சாம்பல் வார்ப்பிரும்பில் எஃப்.ஜி. 200, எஃப்.ஜி. 260 என்று வருவதில் உள்ள எண், சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவிசை தாங்கும் என்பதைக் காட்டுவது. அது அதிர்வை நன்றாக உள்வாங்கும். ஆனால் அடி விழுந்தால் வளையாமல் நேரே உடைந்துவிடும். கிரஷர்போல அதிர்ச்சிச் சுமை வரும் இடங்களுக்கும், மேல்நோக்கிய சுமை பெரிதாக உள்ள இடங்களுக்கும் எளிதில் உடையாத எஸ்.ஜி. இரும்பு ஹவுசிங் கேட்பது நல்லது. எங்கள் ஃபேனுக்குச் சாம்பல் வார்ப்பே போதும் என்று கணக்கிட்டோம்.

புதிய ஹவுசிங்காக எஸ்.கே.எஃப். எஸ்.என்.எல். 513-611 இணையை, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு விற்பனையாளரிடம் வாங்கினோம். பழையதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலை ஆயிற்று. முதலாளிக்கு அதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. மூன்று பேரிங், மூன்று ஸ்லீவ், மூன்று முறை கொதிகலனை நிறுத்தி நெல் ஊறவைத்த தொட்டிகள் வீணான கணக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபின் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவ்வகையில் ஹவுசிங், சீல், லொகேட்டிங் ரிங் (பேரிங்கை அசையாமல் நிறுத்தும் வளையம்), முனை மூடி எல்லாம் தனித்தனிப் பொருள்கள். ஹவுசிங்கை மட்டும் எழுதி அனுப்பினால் வெறும் கூடுதான் வந்து சேரும். விற்பனையாளர் நல்லவராக இருந்ததால், தொலைபேசியிலேயே ஷாஃப்ட் விட்டம், சுற்று, வெப்பம், தூசி எல்லாவற்றையும் விசாரித்து, விடுபட்டவற்றைச் சேர்த்து எழுதிக்கொண்டார்.

போர் கேஜில் இரண்டுமே ஜி.7 எல்லைக்குள் நின்றன. செங்குத்துக்கும் கிடைமட்டத்துக்கும் இருந்த வேறுபாடு எங்கள் கேஜில் படிக்க முடியாத அளவுக்குச் சிறியது. அடிப்பாகத்தில் புளூ (எங்கே படிகிறது என்று காட்டும் நீலச் சாயம்) தடவிச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது ஹவுசிங் சமமாகப் படிந்தது. சட்டம்தான் சமமாக இல்லை. ஒரு காலுக்கடியில் 0.20 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தது. மேடு பள்ளமான சட்டத்தில் நல்ல ஹவுசிங்கை முறுக்கினால் அதுவும் நெளிந்து, உட்குழி மீண்டும் முட்டையாகிவிடும். சட்டத்தை அரைத்துச் சமன் செய்ய ஒரு முழுநாள் செலவாயிற்று. ஷிம் தகட்டைச் செருகிச் சமாளித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஷிம் காலின் முழுப் பரப்புக்கும் இருந்தால் சரி, போல்ட்டைச் சுற்றி மட்டும் நறுக்கி வைப்பதை நான் ஏற்பதில்லை.

சீல் விஷயத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். பழைய ஹவுசிங்கில் சீலாக ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பட்டை இருந்தது. ஃபெல்ட் மலிவு, எங்கும் கிடைக்கும், வெட்டி எண்ணெயில் ஊறவைத்துச் செருகிவிடலாம். ஷாஃப்ட் பரப்பின் வேகம் வினாடிக்கு சுமார் 4 மீட்டர் வரை அதற்கு ஆகும். எங்கள் ஷாஃப்ட்டின் வேகமோ கணக்குப்படி 3.5 மீட்டர். எண்ணிக்கையில் எல்லைக்குள்தான் இருக்கிறோம். ஆனால் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது ஃபெல்ட்டில் ஏறிப் படிந்துவிட்டால், ஃபெல்ட்டே உப்புத்தாள்போல ஷாஃப்ட்டை அறுக்கத் தொடங்கிவிடும். இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றும் மழையும் சேரும்போது ஃபெல்ட் அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, ஷாஃப்ட்டைச் சுற்றி ஈரத்துணி கட்டியதுபோல வைத்திருக்கும். ஆலை பத்து நாள் நின்றால் போதும். நாங்கள் கழற்றியபோது ஃபெல்ட் உட்கார்ந்திருந்த இடத்தில் ஷாஃப்ட்டைச் சுற்றி வளையம் போட்டதுபோல் துரு அரித்திருந்தது. அந்த வளையத்தில் நகம் இறங்கியது.

புதியதற்கு இரட்டை உதட்டுச் சீல் எடுத்தோம். இரண்டு பாதிகளாக வருவதால் ஷாஃப்ட்டைக் கழற்றாமலே மாற்றலாம். ஒரு உதடு கிரீஸை உள்ளே நிறுத்த, மற்றது தூசியை வெளியே நிறுத்தும். நடுவில் உள்ள பள்ளத்தில் கிரீஸை நிரப்பிவிட வேண்டும். வினாடிக்கு 8 மீட்டர் வரை ஆகும். ஷாஃப்ட் சற்றுச் சாய்ந்திருந்தாலும், எங்கள் அளவில் ஏறக்குறைய 1 பாகை வரை, பொறுத்துக்கொள்ளும். இதன் குறை, 100 டிகிரி வெப்பத்துக்கு மேல் தாங்காது. புகையின் சூடு ஷாஃப்ட் வழியே வரும் சக்கரப் பக்கத்தில் இதை எண்ணிக் கவலைப்பட்டுத்தான், ஹவுசிங்குக்கும் ஃபேன் உறைக்கும் இடையே அலுமினியக் குளிர்விப்புத் தட்டு ஒன்றை ஷாஃப்ட்டில் பூட்டினோம். நிலக்கரித் தூள், கல் தூள் எந்நேரமும் பறக்கும் ஆலையாக இருந்தால் நான் இதையும் தாண்டி, கிரீஸ் அறையோடு கூடிய லேபிரிந்த் சீலுக்கே போவேன். ஷாஃப்ட்டைத் தொடாமல் ஓடும் லேபிரிந்த்தில் தேய்மானம் இல்லை. ஆனால் அலைன்மென்ட் மிக நேராக இருக்க வேண்டும்.

இரண்டு ஹவுசிங்கையும் ஒரேபோல் பூட்டிவிடக் கூடாது என்பதைத் தெரிந்தவர்களும் அவசரத்தில் மறக்கிறார்கள். எங்கள் அளவுக்கு ஹவுசிங்கின் இருக்கை அகலம் 51 மி.மீ., பேரிங்கின் அகலம் 31 மி.மீ. புல்லிப் பக்கத்தில் பேரிங்கின் இருபுறமும் 10 மி.மீ. ரிங் ஒவ்வொன்று போட்டு அசையாமல் நிறுத்தினோம். சக்கரப் பக்கத்தில் ரிங் போடவில்லை. பேரிங்கை நடுவில் வைத்தோம். ஒரு மீட்டர் நீள உருக்கு ஷாஃப்ட், சட்டத்தைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.6 மி.மீ. நீளும். அந்த நீட்சிக்கு இடம் இல்லாவிட்டால் இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு சூடாகும். பழைய இணையில் இரு பக்கமும் ரிங் இருந்தது.

ஸ்லீவை இறுக்கும்போது ஃபீலர் இல்லாமல் யாரும் தொட வேண்டாம். 22213 கே பேரிங்கில் ரோலருக்கும் வளையத்துக்கும் இடையே சாதாரண இடைவெளி 0.055 முதல் 0.075 மி.மீ., சி.3 என்ற கூடுதல் இடைவெளி வகை என்றால் 0.075 முதல் 0.095 மி.மீ. சூடான ஃபேன் என்பதால் சி.3 எடுத்தோம். நட்டை முறுக்க முறுக்க அந்த இடைவெளி சுமார் 0.03 மி.மீ. குறைய வேண்டும், அங்கே நிறுத்தி லாக் வாஷரின் நாக்கை மடக்கிவிட வேண்டும். கிரீஸை ஹவுசிங்கின் காலி இடத்தில் பாதிக்கு மேல் நிரப்பவில்லை. பேரிங்கின் வெளிவளையத்தில் உள்ள பள்ளம், துளை வழியே கிரீஸ் நேராக உள்ளே செல்வதால், அடைத்து நிரப்பினால் சூடுதான் மிஞ்சும்.

பில்லோ பிளாக் பற்றிச் சுருக்கமாக. உமி கன்வேயர்களிலும் சிறு எலிவேட்டர்களிலும் யு.சி.பி. 208 வைத்திருக்கிறோம், இதில் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் ஷாஃப்ட் விட்டம், 40 மி.மீ., நேராகக் கிடைத்துவிடும். பேரிங்கோடு சேர்ந்தே வரும், விலை குறைவு, அரை மணியில் மாற்றிவிடலாம். மெதுவாக ஓடும், சூடேறாத, நீளம் குறைந்த ஷாஃப்ட்டுகளுக்கு இதைவிடத் தேவையில்லை. இரு முனையிலும் ஸ்குரூ கொண்டு ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்வதால் நீட்சிக்கு இடம் தராது என்பதால் ஃபேனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் ஐஸ் ஆலையில் வேலை செய்யும் நண்பர், துருப்பிடித்த வார்ப்பிரும்பு பில்லோ பிளாக்குகளை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகு பேரிங்கோடு கூடிய பிளாஸ்டிக் ஹவுசிங்குக்கு மாறியிருக்கிறார். உப்புத் தண்ணீர் நாள்தோறும் தெறிக்கும் இடத்துக்கு அது சரியான முடிவு. கனத்த சுமைக்கு அது ஆகாது.

கடற்கரையை ஒட்டிய ஆலைகளில் ஹவுசிங்கின் வெளிச்சாயத்தைப் பார்ப்பதைவிட அடி போல்ட்டைப் பாருங்கள் என்பேன். ஹவுசிங் பல ஆண்டு தாங்கும். சாதாரண கறுப்பு போல்ட்டோ இரண்டு மழைக்காலத்தில் உப்பேறித் தலை உரிந்துவிடும், பின் முறுக்கம் சரிபார்க்கவே முடியாது. நாங்கள் கால்வனைஸ் செய்த எம்.16 போல்ட்டும், கனத்த வாஷரும் போட்டு, மேலே கிரீஸ் பூசி வைத்திருக்கிறோம்.

போலிப் பெட்டிகள் உலவுவதால், விலை பெரிதாகக் குறைத்துச் சொல்லும் இடத்தில் பில் கேளுங்கள். எஸ்.கே.எஃப். தன் பொருள்களைப் படமெடுத்து அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ள ஆத்தென்டிகேட் என்ற கைப்பேசிச் செயலியை வைத்திருக்கிறது; நாங்கள் பேரிங் பெட்டிக்கு அதைப் பயன்படுத்தினோம். பெயரில்லாத ஹவுசிங் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. உட்குழியின் அளவுச் சீட்டும், வார்ப்புத் தரமும் எழுதித் தரும் உள்ளூர்ப் பட்டறையாக இருந்தால், வாங்கி வந்து போர் கேஜ் வைத்துப் பார்த்தபின் தாராளமாகப் போடலாம். அளக்க விடாத கடையில் மட்டும் வாங்க வேண்டாம்.

பழைய ஹவுசிங்கில் மதிய நேரத்தில் 80 டிகிரியைத் தொட்ட புல்லிப் பக்கம் இப்போது 55-ஐ ஒட்டி நிற்கிறது. சக்கரப் பக்கம் 62. இரண்டு ஆண்டாக அதே பேரிங். சென்ற மார்கழியில் கொதிகலன் ஆய்வுக்காக ஆலை நின்றபோது மூடியைத் திறந்தோம். அண்ணன் அதேபோல் வெள்ளைத் துணியால் உட்சுவரைத் துடைத்தார்; பழுப்பேறிய கிரீஸ் வந்தது, நறநறப்பு இல்லை. சக்கரப் பக்கத்துச் சீலின் வெளி உதடு சற்றுக் கெட்டியாகியிருந்ததால் அதை மட்டும் மாற்றி, இடைவெளியை ஃபீலரில் பார்த்துக் குறித்துக்கொண்டு, பஞ்ச் குறி பொருந்த மூடியை முறுக்கினோம்.